24 பிக்சல் உயரம்

மடிக்கணினியின் திரை சட்டென்று இருண்டபோது நான் ஒரு நீண்ட கட்டுரையின் நடுவில் இருந்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது. சேமிக்காமல் விட்டிருந்த இரண்டு பத்திகள் போயின. அவற்றை அன்றிரவே திரும்ப எழுதிவிட்டேன். மனத்தை உறுத்தியது வேறொன்று. திரையின் மேல்விளிம்பில் நான் பல வாரங்கள் உட்கார்ந்து அமைத்த நிலைப்பட்டை இருந்தது. அதில் பேட்டரியின் அளவும் இருந்தது. 9, 8, 7 என்று அது இறங்கியதைப் பட்டை கடைசி நிமிடம்வரை பிசகாமல் காட்டியிருக்கும். ஆனால் அதன் ஒருபுறம் வலையின் வேகம், மறுபுறம் செயலியின் வெப்பம், அதற்கப்பால் நினைவகம், வட்டில் மீதமுள்ள இடம், ஒலியளவு, திரையின் வெளிச்சம் என்று மொத்தம் 14 எண்கள் ஒரே நிறத்தில், ஒரே அளவில், தோளோடு தோள் உரசி நின்றன. பதினான்கு பேர் ஒரே குரலில் பேசிக்கொண்டிருக்கும் அறையில் ஒருவர் மட்டும் அவசரம் என்றால் அது யார் காதில் விழும்?

எதையெல்லாம் பட்டையில் வைக்கலாம் என்று யோசித்தே அத்தனை வாரங்களையும் கழித்திருக்கிறேன். எது எப்போது வாய்திறக்க வேண்டும் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அந்த வாரமே அமைவுக் கோப்பை முழுவதும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

டைலிங் சாளர மேலாளரைப் பழகாதவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸில் ஓடும் ஐ3, ஸ்வே, டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் போன்ற மேலாளர்களில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிவதில்லை. திறக்கும் ஒவ்வொரு சாளரமும் திரையைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து அமர்கிறது. நகர்த்துவதும் மாற்றுவதும் விசைப்பலகையிலேயே நடக்கின்றன. முழு மேசைச்சூழல்களில் கடிகாரமும் ஒலிப்பொத்தானும் தாமாகவே ஒரு மூலையில் வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. எந்தப் பணியிடத்தில் (வொர்க்ஸ்பேஸ்) இருக்கிறோம், மணி என்ன, வலை இணைந்திருக்கிறதா என்பதையெல்லாம் சொல்ல ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சுதந்திரம்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

பட்டையும் ஒரு சாளரம்தான் என்பதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகுவாகிவிடும். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11 முறையில் அந்தச் சாளரம் தன்னை ‘டாக்’ வகை என்று அறிவித்துக்கொள்கிறது. கூடவே ‘ஸ்ட்ரட்’ என்ற பண்பில் 12 எண்களை எழுதி வைக்கிறது. நான்கு விளிம்புகளில் எந்த விளிம்பிலிருந்து எத்தனை பிக்சலை ஒதுக்க வேண்டும் என்று நான்கு எண்கள்; ஒவ்வொரு விளிம்பிலும் அந்த ஒதுக்கீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மற்ற எட்டு. சாளர மேலாளர் இதைப் படித்து அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றச் சாளரங்களை அடுக்குகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த அளவுகள் ஒவ்வொரு திரையின் விளிம்பிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. எல்லாத் திரைகளையும் சேர்த்த பெரிய பரப்பின் விளிம்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. உயரம் வேறுபட்ட இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிய திரையின் அடியில் பட்டையைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் தொல்லை தெரியும். எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலேண்டில் இது நேராகிவிட்டது. லேயர் ஷெல் என்ற நெறிமுறைப்படி, ‘இந்தத் திரையின் மேல்விளிம்பில் என்னை ஒட்டு, எனக்கென்று 24 பிக்சலை விடு’ என்று பட்டை கேட்கிறது. கேட்டது கிடைத்துவிடுகிறது.

பட்டை என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவது பெரும்பாலும் இரண்டு வேலைக்காரர்களை. ஒருவர் வரைபவர், இன்னொருவர் செய்தி கொண்டுவருபவர். டிடபிள்யூஎம்மில் இந்தப் பிரிவினை அப்பட்டமாகத் தெரியும். எல்லாச் சாளரங்களுக்கும் அடியில் திரை முழுதும் விரிந்திருக்கும் வேர்ச்சாளரத்துக்கு என்ன பெயர் வைக்கிறோமோ அதையே அது பட்டையின் வலப்பக்கத்தில் எழுதிவிடும். ஆகவே நிலைப்பட்டை என்பது அங்கே வேர்ச்சாளரத்தின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும் நான்கு வரி ஸ்கிரிப்ட். லெமன்பார் என்ற பட்டை இன்னும் எளிது. உள்ளே வரும் வரியை அப்படியே வரையும்.

ஐ3-இன் பட்டையான ஐ3பார் படிக்கும் மொழி எனக்கு மிகவும் பிடித்தது. செய்தி கொண்டுவரும் நிரல் முதல் வரியில் பதிப்பு எண் 1 என்று அறிவிக்கிறது. அடுத்து ஜேசான் என்ற தரவு வடிவில் ஒரு சதுர அடைப்பைத் திறக்கிறது. அந்த அடைப்பு மூடப்படுவதே இல்லை. கணினி ஓடும்வரை அதற்குள் ஒரு வரிக்குப் பின் ஒரு வரியாகப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பட்டியலும் அந்தக் கணத்துப் பட்டையின் முழுச் சித்திரம். ஒவ்வொரு துண்டுக்கும் முழு உரை, இடம் போதாவிட்டால் காட்ட வேண்டிய குறுகிய உரை, நிறம், குறைந்தபட்ச அகலம், அவசரக் குறி என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. தலைப்பு வரியில் சொடுக்குகள் வேண்டும் என்று கேட்டிருந்தால், பட்டையில் சுட்டியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எந்தத் துண்டு, எந்தப் பொத்தான் என்ற செய்தி எதிர்த்திசையில் நம் நிரலுக்கு வரும். 1 இடப்பொத்தான், 3 வலப்பொத்தான், 4-ம் 5-ம் உருளை. பட்டை மறைந்திருக்கும்போது செய்தி நிரலை ஐ3பார் சிக்னல் அனுப்பி நிறுத்தி வைக்கிறது, திரும்பத் தோன்றும்போது எழுப்புகிறது. பார்ப்பவர் இல்லாதபோது உழைக்க வேண்டாம் என்ற அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்வேயின் பட்டையும் இதே மொழியைப் படிப்பதால் பழைய ஸ்கிரிப்டுகள் வேலேண்டுக்கு மாறியபோதும் அப்படியே கைகொடுத்தன.

இனி செய்திகளுக்கு வருகிறேன். லினக்ஸில் பட்டைக்கு வேண்டிய எல்லாம் ப்ராக், சிஸ் என்ற இரண்டு கோப்பகங்களில் சாதாரண உரையாகக் கிடக்கின்றன. திறந்து படித்தால் போதும் என்று தோன்றும். அப்படித் தோன்றியதுதான் என் முதல் தவறு. செயலியின் சுமைக்கு ஸ்டாட் என்ற கோப்பின் முதல் வரியைப் படித்து, மொத்தத்தில் எத்தனை பங்கு வேலை என்று வகுத்துப் போட்டேன். பட்டையில் 4 விழுக்காடு என்று வந்தது. பெரிய நிரல் ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினேன். விசிறி இரைந்தது, மடிக்கணினியின் அடிப்பகுதி சுட்டது. பட்டையோ 4 என்றே நின்றது. அந்த வரியில் இருப்பவை கணினி துவங்கிய நொடியிலிருந்து சேர்ந்துகொண்டே வரும் கூட்டுத்தொகைகள். நான் காட்டிக்கொண்டிருந்தது காலையிலிருந்து இதுவரையான சராசரி. இரண்டு முறை படித்து வித்தியாசம் எடுக்க வேண்டும். நான்கு கருக்கள் (கோர்) உள்ள செயலியில், ஒரு கருவுக்கு நொடிக்கு 100 அலகு என்ற வழக்கமான கணக்கில், 2 நொடி இடைவெளிக்கு மொத்தம் 800 அலகுகள் கூடும். அதில் சும்மா இருந்தவை 600 என்றால் சுமை 25 விழுக்காடு. இதைத் திருத்திய பிறகுதான் அந்த எண்ணுக்கு உயிர் வந்தது.

நினைவகத்திலும் இதே போல ஒரு கண்ணி. காலியாக இருப்பது எவ்வளவு என்ற வரியைப் பார்த்தால் எப்போதும் பயமாகத்தான் இருக்கும். ஏனென்றால் சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸின் மையநிரலான கர்னல் வட்டுக் கோப்புகளைத் தேக்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறது, கேட்டால் விட்டுக்கொடுக்கிறது. பார்க்க வேண்டியது ‘மெம் அவைலபிள்’ என்ற வரி. 2014-இல் வந்த 3.14 கர்னலிலிருந்து அது இருக்கிறது.

பேட்டரிக்கு வருகிறேன், என்னைத் தொடங்க வைத்தது அதுதானே. சிஸ் கோப்பகத்தில் பவர் சப்ளை பிரிவுக்குள் பேட்டரிக்கென ஓர் அடைவு இருக்கும். அதில் விழுக்காடு ஒரு கோப்பில், மின்னேற்றம் நடக்கிறதா இல்லையா என்பது இன்னொன்றில். எனக்கு விழுக்காட்டைவிட எத்தனை நிமிடம் மிச்சம் என்பதே வேண்டும். அதற்கு மீதமுள்ள ஆற்றலை இப்போதைய மின்செலவால் வகுக்க வேண்டும். இரண்டும் மைக்ரோ அலகுகளில் எழுதப்பட்டிருக்கும்: ஆற்றல் 3,10,00,000 மைக்ரோவாட்-மணி, செலவு 77,50,000 மைக்ரோவாட் என்றால் மீதம் 4 மணி நேரம். சில மடிக்கணினிகள் ஆற்றலுக்குப் பதில் மின்னூட்டத்தை மைக்ரோஆம்பியர்-மணியில் தருகின்றன. அப்போது மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: அந்தக் கணத்துச் செலவை மட்டும் வைத்து வகுத்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். உலாவியில் ஒரு காணொளியைத் திறந்தால் 4 மணி 2 மணியாகும், மூடினால் திரும்ப ஏறும். நான் கடைசி பத்து அளவுகளின் சராசரியை எடுக்கிறேன். எண் அமைதியாக இறங்கினால்தான் அதை நம்பத் தோன்றுகிறது.

எப்போது படிப்பது? நிலைப்பட்டைகளைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டென்றால் அது இந்தக் கேள்வியில்தான். நொடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படிப்பது எளிது, ஆனால் நல்லதல்ல. தூங்கப் பார்க்கும் செயலியை நொடிதோறும் தட்டி எழுப்புகிறோம். பேட்டரியின் அளவைக் காட்டவே பேட்டரியைச் செலவழிக்கிறோம். மாறாக, மாற்றம் நடக்கும்போது பட்டைக்குச் சொல்லி அனுப்பலாம். ஒலியளவு தானாக மாறுவதில்லை. என் விரல்தான் மாற்றுகிறது. ஆகவே ஒலி விசைக்குரிய கட்டளையின் கடைசியில் பட்டைக்கு ஒரு சிக்னலையும் சேர்த்துவிட்டேன். வேலேண்டுக்கான வேபார் என்ற பட்டையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிக்னல் எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த நிகழ்நேரச் சிக்னல் வந்ததும் அந்தத் துண்டு மட்டும் புதுப்பிக்கப்படும். விசையை அழுத்தியதும் எண் மாறுவதைப் பார்க்க மிகவும் நிறைவாக இருக்கிறது.

கடிகாரத்தைக்கூட நொடிதோறும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் 60 நொடி தூங்கு என்று மட்டும் எழுதினால் போதாது. 10:00:40-க்குத் தொடங்கினால் 10:01:40 வரை பட்டை 10:00 என்றே சொல்லும். 60-இலிருந்து நடப்பு நொடியைக் கழித்து அவ்வளவு நேரம் மட்டும் தூங்க வைக்க வேண்டும். ஒரு கழித்தல்தான், கடிகாரம் நேர்மையாகிவிடுகிறது.

வேறு நிரல்கள் ஒலியை மாற்றினாலும் தெரிய வேண்டும் என்று ஒலிச் சேவையின் நிகழ்வுகளைக் கேட்கும் கட்டளையை ஓடவிட்டு, அதை வரிகளை வடிகட்டும் கிரெப் நிரலின் வழியாக என் ஸ்கிரிப்டுக்குக் குழாயில் (ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு நேரே அனுப்பும் வழி) அனுப்பினேன். முனையத்தில் வைத்துச் சோதித்தபோது ஒவ்வொரு நிகழ்வும் உடனுக்குடன் வந்தது. பட்டையில் போட்டதும் ஒன்றும் வரவில்லை. ஒரு மாலை முழுவதும் போராடினேன். காரணம் பட்டையில் இல்லை, குழாயில் இருந்தது. வெளியீடு முனையத்துக்குப் போகும்போது வரிக்கு வரி அனுப்பும் நிரல்கள், குழாய்க்குப் போகும்போது பெரும்பாலும் 4,096 பைட் சேரும்வரை தேக்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு நிகழ்வு வரி ஏறத்தாழ 26 பைட். ஆக 150 முறைக்கு மேல் ஒலியளவை மாற்றினால்தான் முதல் செய்தி பட்டைக்கு வந்து சேரும். கிரெப்புக்கு வரிவரியாக அனுப்பு என்ற விருப்பத்தைச் சேர்த்ததும் எல்லாம் ஓடத் தொடங்கியது. பட்டை மௌனமாக இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

இப்படிக் காத்திருந்து கேட்கும் ஸ்கிரிப்டுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பட்டையைத் திரும்பத் தொடங்கும்போது பழைய ஸ்கிரிப்ட் சாகாமல் தங்கிவிடக்கூடும். குழாயின் மறுமுனை அறுந்தது அடுத்த வரியை எழுத முயலும்போதுதான் அதற்குத் தெரியும். எழுத ஒன்றும் இல்லையென்றால் அது காத்துக்கொண்டே கிடக்கும். நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்த ஒருநாள் முடிவில், ஒரே ஸ்கிரிப்டின் 11 பிரதிகள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இப்போது ஒவ்வொரு தொடக்கத்திலும் பழையதை முடித்துவிட்டுத்தான் புதியதை எழுப்புகிறேன்.

நிறம், ஓரங்கள், வளைவு பற்றியெல்லாம் நிறைய எழுதலாம். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. வேபாரில் அவையெல்லாம் சிஎஸ்எஸ் கோப்பில் அடங்கிவிடுகின்றன, வலைப்பக்கம் வடிவமைத்தவர்களுக்கு அரைமணி வேலை. எனக்கு முக்கியமாகப்பட்டது சல்லடை. 14 துண்டுகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே கேள்வியை வைத்தேன்: இந்த எண் மாறினால் என் கை என்ன செய்யும்? வலையின் வேகம் மாறினால் ஒன்றும் செய்யமாட்டேன். அடித்தேன். திரையின் வெளிச்சம் கண்ணுக்கே தெரிகிறது. அடித்தேன். வட்டில் இடம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எதையாவது அழிப்பேன், அதற்கு மேல் இருக்கும்வரை எனக்கு அது தேவையில்லை. ஆகவே அது 10-க்குக் கீழே மட்டும் தோன்றட்டும். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் மட்டும். ஒலி அடைக்கப்பட்டிருந்தால் மட்டும். வலை அறுந்திருந்தால் மட்டும். அத்தனை பாடுபட்டுத் திருத்திய செயலிச் சுமையையும் அடித்தேன்; மனம் வரவில்லை, ஆனால் விசிறியின் இரைச்சலே அதைச் சொல்லிவிடுகிறது.

செய்முறை எளிதுதான். வேபாரில் நாமே எழுதும் துண்டு வெற்று உரையைத் திருப்பினால் அந்தத் துண்டு பட்டையில் இருந்தே மறைந்துவிடும். ஸ்கிரிப்ட் ஜேசானில் உரையோடு ஒரு வகுப்புப் பெயரையும் அனுப்பலாம். நிறத்தை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். என் பேட்டரி 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதும் மின்னேற்றம் நடக்கும்போதும் வெற்று உரைதான். 30-க்குக் கீழே மஞ்சளில் மீதமுள்ள நிமிடங்கள். 15-க்குக் கீழே சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, சற்று அகலமான பெட்டியில். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காண முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவமும் மாறும்படி வைத்திருக்கிறேன்.

படவுருக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டைகளில் நாம் காணும் சின்னஞ்சிறு பேட்டரிப் படமும் வலைக் கோபுரமும் படங்கள் அல்ல, எழுத்துகள். யூனிகோடில் எவருக்கும் ஒதுக்காமல் விடப்பட்ட தனிப்பயன் பகுதி ஒன்று உண்டு. ஈ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை 6,400 இடங்கள். நெர்டு ஃபான்ட்ஸ் போன்ற எழுத்துருத் தொகுப்புகள் படவுருக்களை அங்கேதான் குடியேற்றுகின்றன. அத்தொகுப்பிலிருந்த மெட்டீரியல் டிசைன் படவுருக்கள் எண்ணிக்கையில் பெருகி அந்த எல்லையைத் தாண்டி, அரபு எழுத்துவடிவங்களுக்கு உரிய இடங்களிலும் கால் வைத்துவிட்டன. 2023-இல் வந்த 3-ஆம் பதிப்பு அவற்றை வேறொரு தனிப்பயன் பகுதிக்கு எடுத்துச் சென்றது. பிறருடைய எழுத்துகளின் இடத்தை விட்டுக்கொடுத்த அந்த முடிவு முற்றிலும் சரி. பழைய எண்களை வைத்திருந்த பட்டைகளில் மட்டும் படவுருக்களுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தன. இப்போது நான் படவுருக்களையே விட்டுவிட்டேன். ‘ஒலி இல்லை’ என்று தமிழில் எழுதினால் எந்தப் பதிப்பிலும் புரிகிறது.

தமிழில் எழுதலாம் என்பதற்கே நான் ஒரு சுற்று சுற்றி வரவேண்டியிருந்தது. ஐ3பாரில் பாங்கோ என்ற உரை அடுக்கும் நூலகத்தின் வழியாக எழுத்துருவைக் கொடுத்திருந்ததால் தமிழ்க் கிழமைகள் ஆரம்பத்திலேயே சரியாக வந்தன. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை. அழகுக்காக அடுத்துப் போன பட்டையில், எழுத்துரு அதேதான், கிழமை மட்டும் சிதைந்தது. ‘சனி’யில் னகரத்தோடு சேர வேண்டிய இகரக் குறி தனியே தள்ளி நின்றது. செவ்வாயிலும் வெள்ளியிலும் பிழை கண்ணை உறுத்தியது: ஒற்றைக்கொம்பு சகரத்துக்கும் வகரத்துக்கும் வலப்பக்கத்தில் விழுந்தது. யூனிகோடில் முதலில் சகரம், அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறோம். எழுதும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நிரலின் வேலை. குறியீட்டுக்கு ஓர் உருவம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் பட்டைகள் அந்தப் படியையே தாண்டிவிடுகின்றன. லத்தீன் எழுத்துகளுக்கு அதனால் பெரிய குறை வருவதில்லை. நமக்கு எழுத்தே உடைந்துவிடுகிறது. எந்தப் பட்டையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் தமிழர்களுக்கு என் முதல் அளவுகோல் இதுதான்: அமைப்பதற்கு முன் அதில் ‘செவ்வாய்’ என்று எழுதிப் பாருங்கள்.

வேபார் ஜிடிகே என்ற வரைகலை நூலகத்தின் மேல் கட்டப்பட்டது, உள்ளே பாங்கோ இருக்கிறது. தமிழ் முழுதாக வருகிறது. கடிகாரத் துண்டின் வடிவமைப்பில் ‘எல்’ என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தால் கிழமையையும் மாதத்தையும் கணினியின் மொழி அமைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பல மணி நேரம் தேடியது ஓர் எழுத்தில் முடிந்தது.

இதை எழுதும்போது மடிக்கணினி மின்கம்பியில் இல்லை. பட்டையின் இடப்பக்கத்தில் நான் இருக்கும் மூன்றாம் பணியிடத்தின் எண், வலப்பக்கத்தில் கிழமையும் மணியும், நடுவில் ஒன்றுமில்லை. சற்றுமுன்தான் நடுவில் மஞ்சளாக ஒரு துண்டு தோன்றியது: 52 நிமிடம். கோப்பைச் சேமித்துவிட்டு மின்கம்பியைச் செருகினேன். துண்டு மறைந்தது. ‘செவ்வாய், 11:46’ மட்டும் இருக்கிறது, கொம்பு சகரத்துக்கு இடப்பக்கத்தில்.